திரை மூலையில் ஒட்டிய படம்

தெருவில் அவனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது என்னவோ கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சின்னப் படிப்பு. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும், மெஷினைத் தொடுவதற்கு முன்னால், "எப்பத்திலேருந்து இப்படி? அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" என்று நாடி பிடிப்பதுபோலக் கேட்பான். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கைத்தான் மாற்றுவான். பலிக்காவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவான்.

"ஆமை மாதிரிதான் வேலை செய்வான். ஆனா அவன் கை வெச்ச மெஷின் திரும்பப் படுக்காது" என்று அவன் அக்கா, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் பெருமை அடித்துக்கொள்வாள்.

அந்த வாரம் ஒரு அப்டேட் வந்து தெருவையே படுத்தி எடுத்தது. அப்டேட் முடிந்து மெஷின் எழுந்தால் பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்காது. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று அதே பல்லவி. வைரஸ் தடுக்கும் மென்பொருள்தான் நடுவில் புகுந்து குழப்புகிறது என்று முதல் வீட்டிலேயே கண்டுபிடித்து, அதன் செட்டிங்கை மாற்றிச் சரிசெய்தான். பிறகு போன வீடெல்லாம் அதே நோய், அதே மருந்து. கேள்வி கேட்கும் வழக்கம் மெல்லக் கழன்று போனதை அவனே கவனிக்கவில்லை.

அப்படி ஒரு மத்தியானம்தான் மாடிவீட்டு அத்தை மூச்சு வாங்க இறங்கி வந்தாள். அவள் மகளுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் அன்று சாயங்காலத்துக்குள் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. கடலுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. அத்தைக்குக் காது மந்தம். மகளின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். அதற்காகவே பெரிய திரை வாங்கியிருந்தாள். அவனும் அக்காவும் அவளோடு மாடி ஏறினார்கள்.

"அவ கெளம்பறதுக்குள்ள வந்துடுமாப்பா?"

"டாக்டர் வந்தாச்சு இல்ல அத்தை!" என்று அக்கா அவள் காதருகே கத்தினாள். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எழுப்பி விட்டுடுவான்."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். திரையில் அதே பல்லவி. வழக்கமான மருந்தைக் கொடுத்து மெஷினை அணைத்துப் போட்டான். அந்தக் கிழட்டு மெஷின் பெருமூச்சு விட்டு எழுந்து, மறுபடியும் அதையே சொன்னது. நெட்வொர்க் செட்டிங் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்து, மறுபடி அணைத்துப் போட்டான். பிரவுசரையே கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து புதிதாக ஏற்றினான். ஒன்றும் அசையவில்லை.

"டேய், உன் போன்லயாவது அவ முகத்தைக் காட்டேன்டா. சின்னதா இருந்தா என்ன?"

"இரு‌ அக்கா, ரெண்டு நிமிஷம். முடிஞ்சுது."

"இதையே எத்தனை தடவைடா சொல்லுவே?"

இத்தனை வீட்டில் பலித்த கை இங்கே பலிக்காமல் போவதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அத்தை பின்னால் நின்று, தலைமுடியைக் கையாலேயே வாரிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அலுத்துப்போய்க் கையை எடுத்தபோதுதான் திரையின் வலது கீழ் மூலை கண்ணில் பட்டது. அங்கே மகளின் சின்னப் படம் ஒட்டியிருந்தது. வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அத்தை, இது எதுக்கு இங்க ஒட்டியிருக்கீங்க?"

அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு அத்தை வெட்கமாகச் சிரித்தாள். "அவ எப்ப கூப்பிடுவான்னு அங்க மணியைப் பாத்துட்டே இருப்பேன். கிறுக்குப் பிடிச்சிடும்னு அவதான் அதை மறைக்கச் சொன்னா."

படத்தை மெதுவாக உரித்தான். அடியில் பல வருஷத்துக்கு முந்தைய தேதி. உள்ளே தேதியை நினைவில் வைக்கும் பேட்டரி செத்துப்போய், அப்டேட்டுக்காக மெஷின் அணைந்து எழுந்தபோது தேதி பின்னால் ஓடியிருக்கிறது. மெஷின் இருந்த வருஷத்தில், இன்றைய எந்தப் பக்கத்தையும் நம்ப அதற்கு வழியில்லை. 'அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?' என்று வழக்கம்போலக் கேட்டிருந்தால், படம் ஒட்டியதை அத்தை சொல்லியிருப்பாள்; தேதியை அப்போதே பார்த்திருப்பான்.

போனைப் பார்த்துச் சரியான மணியை அவன் கையாலேயே அடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் தாண்டியிருந்தது. உடனே எல்லாப் பக்கமும் திறந்தன. மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த தடயங்கள் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் ஒரு வரி: 'அம்மா, கெளம்பிட்டோம்.'

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெஷின் சரியாயிடுச்சு இல்லப்பா?" என்றாள் அத்தை.

"ஆயிடுச்சு அத்தை."

அத்தை அவன் கையிலிருந்து படத்தை வாங்கி, திரையின் இடது மூலையில் வைத்து, விரலால் நீவி நீவி ஒட்டினாள்.