வயலின் பக்கம் உட்கார்ந்த மிருதங்கம்

பெருங்களத்தூரில் பஸ்ஸிலிருந்து விழுந்த கோபுவுக்கு வலது கை போய்விட்டதாம், இனி மிருதங்கமே தொடமாட்டாராம் என்று சபா செயலாளர் ராமபத்ரன் சொன்னதாக முடிவெட்டும் கடைவரை பேச்சு வந்துவிட்டது. பாதி உண்மைதான். விரல்கள் சரியாக மடங்கவில்லை. கோபு மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வழக்கமாக வலது கை வாசிக்கும் வலந்தலையில் மூன்று வருஷம் இடது கையால் சாதகம் செய்தார்.

2006இல் தாம்பரத்தில் ஒரு கச்சேரி கிடைத்தது. மேடை வழக்கப்படி வலந்தலை ரசிகர்கள் பக்கம் இருக்க வேண்டுமென்றால், அவர் வயலின்காரர் இடத்தில் உட்கார வேண்டும். இடம் மாற மாட்டோம் என்று இரண்டு வயலின் வித்வான்கள் ஏற்கெனவே மறுத்திருந்தார்கள்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம்..." என்று கோபு இழுத்தார்.

வயலின் சரிதா உடனே எழுந்தார். "இங்க என்ன, எனக்குப் பட்டாவா போட்டுக் குடுத்திருக்கு? நீ நல்லா வாசி, போதும்."

தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானம் தாளத்தின் முதல் அடியான சமத்தில் கச்சிதமாக வந்து விழுந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது.

கச்சேரி முடிந்து கூட்டம் கைகுலுக்க மேடையேறியபோது கோபுவின் செல்போன் அடித்தது. சரிதா எட்டிப் பார்த்தார்.

"ராமபத்ரன்டா! எடு."

"எப்படிக்கா? ரெண்டு கையையும் ஆளாளுக்குப் பிடிச்சிருக்காங்களே!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது.