குலுக்கு மீட்டர் பூட்டிய கார்

என் கணவர் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தார். தறியிலிருந்து வரும் சேலைகளை அவரே விரித்துப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார். எங்காவது ஓர் இழை தப்பியிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். நெய்தவர் எதிரில் கைகட்டி நிற்பார். என் கணவர் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பார். அந்த மனிதர் வியர்த்துப்போய்த் தானாக மன்னிப்புக் கேட்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில், வியாபாரத்தில் இந்தக் கண்டிப்பெல்லாம் வேண்டியதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதில் அவருக்கு ஓர் இன்பம் இருந்தது என்று புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

அறுபதுகளில் ஆற்காட்டுப் பக்கம் ஒரு ஜமீன் வீட்டுக் கார் விலைக்கு வந்தது. யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்த கார். கறுப்பு நிறம், நீண்ட மூக்கு, இருபுறமும் படிக்கட்டு மாதிரி பலகை. வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. ஆனால் அதன் முன்பலகையில் பாதி மீட்டர்கள் ஓடவில்லை. சிலவற்றின் இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. அந்த ஓட்டைகள் என் கணவரை உறுத்தின. மெட்ராஸில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். யுத்த காலத்தில் விமானங்களைப் பழுது பார்த்தவர் அவர். உடைத்துப் போட்ட விமானங்களின் சாமான்களை எடைக்கு வாங்கிப் பரங்கிமலைப் பக்கம் ஒரு கொட்டகையில் குவித்து வைத்திருந்தாராம். ஒரு மூட்டை நிறையக் கொண்டுவந்தார்.

தச்சரை வைத்துத் தேக்கில் புதுப் பலகை செய்து, அதில் விமான மீட்டர்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். உயரம் காட்டும் மீட்டர், எண்ணெயில் மிதக்கும் திசைகாட்டி, இருட்டில் பச்சையாக ஒளிரும் கடிகாரம். காற்று வேகத்தைக் காட்டும் மீட்டருக்காகக் காரின் முன்னால் ஒரு குழாய்கூட வைத்தார்கள். தெருக்காரர்கள், “இன்னாபா, கச்சபேஸ்வரர் கோயில் கோபுரத்துமேல ஏறி எறங்குமா இந்த வண்டி?” என்று கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியாக ஒரு மீட்டர் மிச்சமிருந்தது. அதில் மூன்று முட்கள்.

“இது இன்னாத்துக்கு?” என்று என் கணவர் கேட்டார்.

“இத்த விட்ருங்க சார், கார்ல வேலை இல்ல” என்றார் மெக்கானிக். “சண்டை பிளேன் திரும்பறப்ப, எறங்கறப்ப எவ்ளோ அதிருதுன்னு காட்டும். சும்மா நின்னுக்கினு இருந்தா ஒண்ணுல நிக்கும். தூக்கிப் போட்டா ரெண்டு, மூணுன்னு ஏறும்.”

“மத்த ரெண்டு முள்ளு?”

“அது சாட்சி சார். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எவ்ளோ ஏறிச்சோ அங்கியே நின்னுடும். பைலட் எறங்கினப்புறம் பெரிய ஆபீசர் வந்து பாப்பாரு. இந்தக் குமிழ அமுக்கினாதான் பழைய எடத்துக்கு வரும்.”

என் கணவரின் முகத்தில் அன்று பார்த்த மலர்ச்சியை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. அந்த மீட்டரைப் பலகையின் நடுவில் வைக்கச் சொன்னார். வேறு யாரும் அமுக்க முடியாதபடி குமிழை வெட்டி எடுத்து, துளைக்குள் விட்டு அமுக்க ஒரு சின்னக் கம்பி செய்து தரச் சொன்னார். அந்தக் கம்பி அவருடைய சாவிக்கொத்தில் சேர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் குலுக்கு மீட்டர்.

எங்கள் டிரைவர் ஓரிக்கையைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய தம்பியும் எங்கள் கடையில் வேலையில் இருந்ததால், அவரால் சட்டென்று வேலையை விட்டுப் போக முடியாது. மீட்டர் பூட்டிய பிறகு, கார் எங்கே போய் வந்தாலும் என் கணவர் வாசலுக்கு வந்து கதவைத் திறந்து முள்ளைப் பார்ப்பார். ஒன்றரையைத் தாண்டியிருந்தால் டிரைவர் பானெட்டின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். வண்டி ஓடி வந்த சூட்டில் அது தோசைக்கல் மாதிரி இருக்கும். என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பார். குடித்து முடித்த பிறகுதான் கையை எடுக்கலாம். காபி ஆறினால் ஆறட்டும் என்று சில நாள் மெதுவாகக் குடிப்பார்.

“ரோட்டுல பள்ளம் இருந்தா அவர் என்னங்க பண்ணுவார்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பள்ளத்தைப் பாத்து ஓட்டணும். அதுக்குத்தானே கண்ணு இருக்குது” என்றார்.

டிரைவர் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக்கொண்டு ஓட்டத் தொடங்கினார். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போவார். பின்னால் வருகிறவர்கள் திட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் கண் பாதி ரோட்டிலும் பாதி முள்ளிலும் இருக்கும்.

எனக்கு முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்து வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பிரசவம் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று என் கணவர் ஒன்பதாம் மாதத்தில் என்னை அழைத்து வர வண்டியை அனுப்பினார். மழைக்காலம். பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம். டிரைவர் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. எழுந்தேன், சேலை நனைந்திருந்தது. தண்ணீர் என்று நினைத்துக் கை வைத்துப் பார்த்தேன். ரத்தம்.

பக்கத்துத் தெரு நர்சம்மா ஓடி வந்து பார்த்தாள். “இங்க வெச்சிக்கினு இருக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே கொண்டு போங்க. இப்பவே போங்க” என்றாள்.

அம்மா என்னைப் பின்சீட்டில் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஊரைத் தாண்டும்வரை தார் ரோடு. அதற்குப் பிறகு மழை தின்ற ரோடு. வண்டி நடக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும் டிரைவர் முன்சக்கரத்தை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றி, அப்புறம் பின்சக்கரத்தை இறக்கினார். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார்.

“ஏம்பா, தேர் இழுக்கிற மாதிரி போற? புள்ளை துடிக்கிறது தெரியலையா?” என்று அம்மா கத்தினாள்.

“ரோடு நல்லா இல்லம்மா.”

“ரோடு எப்படி இருந்தா என்ன? வேகமாப் போ!”

கொஞ்ச தூரம் வேகமாகப் போனார். ஒரு பள்ளத்தில் வண்டி லேசாகக் குலுங்கியது. அவர் பார்வை முள்ளுக்குப் போனது. மறுபடி கால் தளர்ந்து வண்டி நடந்தது.

அம்மா முன்னால் எட்டி, தன் முந்தானையால் அந்த மீட்டரை மூடினாள். “பாக்காத. இத்தப் பாக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு.”

டிரைவர் ஒரு கையால் அந்த முந்தானையை மெல்ல எடுத்தார். அழுதுகொண்டிருந்தார். “மூடினாலும் அது ஏறும்மா” என்றார்.

“நான் சொல்றேன், நீங்க போங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றேன்.

“நீங்க சொல்லுவீங்கம்மா. கை என்னுதும்மா.”

ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்த பிறகு தண்டவாளத்தின் மேல் அவர் வண்டியை ஏற்றி இறக்கிய பக்குவத்தை என்னால் மறக்க முடியாது. கண்ணாடிச் சாமான் ஏற்றிப் போகிறவர்கள்கூட அப்படிப் போகமாட்டார்கள்.

பையன். நிறையத் தலைமுடி. அழவில்லை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்று அம்மாவைக் கேட்டார். கதவு திறந்துதான் இருந்தது. டிரைவர் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

கடையிலிருந்து என் கணவர் வந்தார். என் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. செய்தியை வாசலிலேயே யாரோ அவரிடம் சொன்னார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு உள்ளே வராமல் காரிடம் போனார். கதவைத் திறந்து குனிந்தார். சாவிக்கொத்தை எடுத்துக் கம்பியால் அமுக்கினார். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

“உடம்பு எப்படி இருக்குது?” என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அம்மாவிடம் சொன்னார்: “அந்த ரோட்டுல முள்ளு ஒண்ணரையக்கூடத் தொடல. நல்லாத்தான் ஓட்டிக்கினு வந்திருக்கான்.”

மறுநாள் டிரைவருக்கு ஒரு புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். உடுத்திக்கொண்டு வந்து காட்டச் சொன்னார் போலிருக்கிறது. ஜரிகைக் கரை பளபளக்க அந்த மனிதர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் கரையைச் சுருட்டிக் கைக்குள் மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பு தேறியதும், ரோட்டில் நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். வரி விடாமல் சொன்னேன். அம்மா மீட்டரை மூடியது, டிரைவர் முந்தானையை எடுத்தது, கை என்னுது என்றது எல்லாம். கேட்டால் அவருக்குள் ஏதாவது அசையும் என்று நம்பினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

அவர் முழுதும் கேட்டார். “உன்கிட்ட அப்படிப் பேசினானா?” என்றார்.

அன்று சாயங்காலம் வண்டி கடையிலிருந்து வந்து நின்றதும் என் கணவர் முள்ளைப் பார்க்கவில்லை. நேராக டிரைவரிடம், “கைய வை” என்றார். “எதுக்கு மொதலாளி? இன்னிக்கு ஏறலியே” என்றார் டிரைவர். “வாய் ஏறியிருக்குதே” என்றார் என் கணவர்.

டிரைவர் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். படியிறங்கிப் போய் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன்.

சூடு முதலில் தெரியவில்லை. பிறகு தோளுக்கு ஏறியது. எதிர்வீட்டில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு போனவள் குடத்தை இறக்கி வைத்தாள். என் கணவர் எங்கள் இரண்டு கைகளையும் பார்த்தார். சேலையில் தப்பிய இழையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காபியை எடுத்தார். நடுவில் எழுந்துவிடுவார், தெருவுக்குப் பயந்தாவது எழுந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிவண்டல்வரை குடித்தார்.

“ம்” என்றார். நாங்கள் கையை எடுத்தோம்.

நான் உள்ளே போகும்போது டிரைவர் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: “உங்கள யாரும்மா சொல்லச் சொன்னாங்க? உங்க கைக்கு மருந்து போட நாலு பேர் இருக்குறாங்க.” அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அது ஒன்றுதான். நன்றி சொல்லுவார் என்று எனக்குள் எங்கேயோ ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அப்படி வலித்திருக்காது.

அடுத்த நாள் அவர் வரவில்லை. தம்பியையும் கடையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்து, கோயிலுக்கென்று கிளம்பி ஓரிக்கைக்கு நடந்தே போனேன். அவர் மனைவி வெளியே களம் பெருக்கிக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

“அவரு இல்லம்மா. மெட்ராசுக்கு லாரி ஓட்டப் போயிட்டாரு.”

“எப்படி இருக்கார்?”

“உங்க வூட்டுப் புள்ளையக் கொன்னுட்டேன்னு சொல்லிக்கினே இருக்குறாரு. தூங்க மாட்டேங்கறாரு.” துடைப்பத்தைத் தட்டி நிமிர்ந்தாள். “நீங்க வந்ததச் சொல்ல மாட்டேன். இன்னொரு வாட்டி வராதீங்கம்மா.”

அவரால் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். அதை அவள் அவரிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஏன் இருந்தாய் என்று அவர்கள் பெரியவர்களானபின் கேட்டிருக்கிறார்கள். எங்கே போவது என்று திருப்பிக் கேட்பேன். அம்மா வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் ஊர் விசாரிக்கும் காலம் அது. அது முழுப் பதில் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

கார் பல வருஷம் இருந்தது. மெட்ராஸிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு என் கணவர் அதைக் காட்டுவார். உயரம் காட்டும் மீட்டர், திசைகாட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் குலுக்கு மீட்டருக்கு வருவார். “என் பெண்டாட்டிய வலியோட வாலாஜாபாத்துலேர்ந்து கூட்டிக்கினு வந்தோம். வழியெல்லாம் பள்ளம். முள்ளு ஒண்ணரையத் தொடல. அப்படி ஒரு வண்டி இது!” வந்தவர்கள் வியப்பார்கள். நான் காபி டம்ளர்களை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒருமுறை வந்திருந்த ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, கள்ளமில்லாமல் கேட்டாள்: “அப்ப பொறந்தது பையனா, பொண்ணாம்மா?”

“பையன். செத்துப் பிறந்தது” என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள். அவள் கணவர் காரின் கூரையைப் பார்த்தார். என் கணவர், வாங்க, கடைக்குப் போகலாம், புதுச் சரக்கு வந்திருக்குது என்று அவர்களை அழைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த தடவை வந்தவர்களுக்கு அவர் அந்தக் கதையைச் சொன்னபோது நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் வாலாஜாபாத் இருந்தது, மழை இருந்தது, பள்ளங்கள் இருந்தன. வண்டியில் நான் இல்லை.