மொரிஸ் மைனருக்கு வந்த நடுக்கம்

போர்க்காலத் தடையால் பெட்ரோல் மண்முனைப் படகுத் துறையைத் தாண்டி வராத அந்த வருடங்களில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அதற்கேற்றபடி கார்களைப் பழக்கியெடுத்தவர் மெக்கானிக் அழகரத்தினம். ஊரே அவர் கையைப் புகழும். டோகாவில் கார் திருத்தும் வேலை பார்த்த அருமைநாயகம், பளபளக்கும் ஸ்பானர் சாவிப் பெட்டியோடு வந்து இறங்கும்வரைக்கும்தான் அந்தப் புகழ்.

வந்த மூன்றாம் மாதத்திலேயே பாதிக் கார்கள் அவன் வளவுக்குள் நின்றன. அழகரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. மிஞ்சியிருந்த ஒரே பெரிய மரியாதை, நோயாளிகளைத் துறைக்கு ஏற்றிப்போகும் சீனித்தம்பியின் மொரிஸ் மைனர். அதுவும் போனால் தன்னை யார் மெக்கானிக் என்பார்கள்?

அந்தக் கார்தான் நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. எஞ்சினை அணைக்காமல் துறையில் நிறுத்தி வைத்தால் குலுங்கிக் குலுங்கி நின்றுபோகும்.

"மண்ணெண்ணெய் அப்பிடித்தான் செய்யும்," என்று அழகரத்தினம் கார்பரேட்டர் திருகாணியைக் கொஞ்சம் முறுக்கிவிட்டார். மூன்று தடவை அதே பேச்சு, அதே முறுக்கு. அந்தக் காலத்தில் எந்தக் கோளாறுக்கும் மண்ணெண்ணெயைக் குற்றம் சொல்லிப் பழகியிருந்தார்கள். நாலாம் தடவை சீனித்தம்பி காரை அருமைநாயகத்திடம் விட்டார்.

கேள்விப்பட்டதும் அழகரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஏதோ அலுவல்போலப் போய் வேலியோரம் நின்றார்.

அருமைநாயகம் எஞ்சினை ஓடவிட்டு, கார்பரேட்டர் பூட்டியிருந்த பொருத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். நடுக்கம் சட்டென்று அடங்கியது. எண்ணெய் இடைவெளியை அடைத்திருக்கிறது; அப்படியென்றால் அந்த வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது! இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அழகரத்தினம் பல்லைக் கடித்தார்.

பொருத்தைக் கழற்றினால், காற்றுப் புகாமலிருக்க உள்ளே வைத்த பேக்கிங், சவர்க்காரப் பெட்டி மட்டையில் வெட்டியது, ஓரம் கிழிந்து கிடந்தது. அது யார் வெட்டியது என்று இருவருக்கும் தெரியும். அருமைநாயகம் வேலியைப் பார்த்தான். பிறகு மட்டையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"அழகரத்தினம் அண்ணன் சொன்னது சரிதான். மண்ணெண்ணெய் செய்த வேலை," என்றான், தள்ளி மர நிழலில் காத்திருந்த சீனித்தம்பியைக் கூப்பிட்டு.

சீனித்தம்பிக்கு முகம் சுருங்கியது. "அண்ணன், உங்களை நம்பாமப் போனன். இனி உங்களிட்டத்தான் கொண்டு வாறன்," என்றார் வேலிப்பக்கம் திரும்பி.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவன் போட்ட பிச்சையாக அல்லவா கிடைத்திருக்கிறது! வேலை தெரிந்தவன் என்ற பெயர் போதாதென்று, நல்லவன் என்ற பெயரையும் இவனே எடுப்பானா?

"பொய்!" என்று கத்தினார் அழகரத்தினம். "பேக்கிங் நான் வெட்டினது. பிழை என்ட. அவன்ட பொக்கெற்றுக்குள்ள இரிக்கு, பார்!"

சீனித்தம்பி மட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தின் தோளைத் தொட்டார். "இவரைக் காப்பாத்தவா மனே பொய் சொன்னாய்?" என்றார்.

பொழுதுபடுமுன் சங்கதி ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு அருமைநாயகத்தின் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் மனசைத்தான் புகழ்ந்தார்கள்.