அடைத்த வாசல்கள்

வீடு வாங்கிய முதல் மாரியிலேயே சுவர் வெடித்தது. வெடிப்பு என்றால் கோணல்மாணலாக ஓடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது நிலத்திலிருந்து நேரே மேலே போய், என் தலைக்குச் சற்று மேலே மட்டமாகத் திரும்பி, மறுபடி நேரே கீழே இறங்கியிருந்தது. அதுவும் எங்கள் கட்டிலின் தலைமாட்டில்.

சண்டையால் காங்கேசன்துறைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து நானும் மனைவியும் அடுத்தவர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும்தான் இருந்தோம். எத்தனை வீடு என்று எண்ணுவதை முதலில் நிறுத்தியவள் அவள்தான். முழங்கால் சத்திர சிகிச்சை முடிந்து ஆசுபத்திரியால் வந்த அன்று கட்டிலில் இருந்தபடி சொன்னாள்: "இனி ஒரு வீடு மாற என்னாலை ஏலாது. எங்கையெண்டாலும் ஒரு வீட்டை வாங்குங்கோ. பிறகு என்னை ஆரும் எழுப்பக் கூடாது."

அப்படித்தான் கரவெட்டியில் இந்தப் பழைய கல்வீடு எங்களிடம் வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் எல்லாம் விபரமாக இருந்தது. எல்லைகள், கிணற்றுப் பங்கு, நிற்கிற பனை, தென்னை. வீட்டைப் பற்றி மட்டும் 'கல்வீடு' என்று ஒரே ஒரு சொல். உறுதி எழுதிய நொத்தாரிசு பழைய உறுதிகளையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, காணியில் ஒரு வில்லங்கமும் இல்லை என்றார். காணியில் இல்லைத்தான்.

மேசன் வந்து வெடிப்பைச் சுற்றிப் பூச்சைத் தட்டி விழுத்தினார். இரண்டு பக்கமும் பழைய சுண்ணாம்புக் கற்சுவர். நடுவில் சீமெந்துக் கல்லும் உடைந்த ஓடும் மண்ணுமாக ஓர் அடைசல். மேலே பாரம் தாங்க ஒன்றுமில்லை. கூரை அந்த அடைசலின் மேல்தான் நின்றது. அவர் சுத்தியலோடு மற்ற அறைகளுக்கும் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணை, இன்னும் மூண்டு இருக்கு."

"மூண்டு என்ன?"

"வாசல்."

எனக்கு வந்த கோபத்துக்கு உடனே வீட்டை எங்களுக்கு விற்ற, வெளிநாட்டிலிருக்கிற பழைய சொந்தக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். வயதான மனுசி. "நாங்கள் வெளிக்கிடேக்கை முன்னுக்கு ஒண்டு, பின்னுக்குக் குசினியாலை ஒண்டு, அவ்வளவுதான் தம்பி. ஆர் உடைச்சது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதும் நான் சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

யார் உடைத்தது என்பதை முன்வீட்டு அக்கா மதிலடியில் நின்று சொன்னார். "இடம்பெயர்ந்து வந்த சனம் இருந்தது. அறைக்கு ஒரு குடும்பம். குமர்ப்பிள்ளையள் படுத்திருக்கிற அறைக்குள்ளாலை மற்றவை எப்படிப் போய் வாறது? அதாலை ஒவ்வொருத்தரும் தங்கடை அறையாலை வெளியிலை ஒரு வாசல் வெட்டிச்சினம். திரும்பிப் போகேக்கை தாங்களே அடைச்சுப்போட்டுத்தான் போனவை. நல்ல சனம்."

நல்ல சனம்தான். கோபப்பட ஓர் ஆளாவது மிஞ்சும் என்று நம்பியிருந்தேன், அதுவும் இல்லாமல் போயிற்று. அந்த நாட்களில் நாங்களும் தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்னறையில்தான் இருந்தோம். எங்களுக்கு வாசல் வெட்டும் துணிவு வரவில்லை. யன்னலால் ஏறி இறங்கினோம். ஒரு நாள் குண்டு போட பிளேன் இரைந்து வர, அந்த யன்னலால் குதித்துத்தான் அவளுடைய முழங்கால் முதலில் அடிபட்டது. அதற்குப் பிறகு அது ஒரு நாளும் முழுதாகச் சுகப்படவில்லை.

திருத்த வேலைக்கு அனுமதி கேட்டுப் பிரதேச சபைக்குப் போனேன். இருக்கிற வீட்டின் பிளானைக் கொண்டு வரச் சொன்னார்கள். இந்த வீட்டுக்குப் பிளானே இருந்ததில்லை என்றேன். அப்படியென்றால் முதலில் அதைக் கீறுவியுங்கள் என்றார்கள். நாடா பிடித்து அளக்க வந்த படம் கீறுகிறவர் ஒவ்வொரு அடைசலுக்கும் முன்னால் நின்று, "ஐயா, இதைக் கதவெண்டு போடவா, சுவரெண்டு போடவா?" என்று கேட்டார். சுவர், சுவர் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மேசன் இன்னொரு குண்டைப் போட்டார். கூரைக்கு முட்டுக் கொடுத்து, அடைசலை எடுத்து, மேலே கொங்கிறீற் போட்டு, திரும்பச் சுவரைக் கட்ட வேண்டும். அதுவரை நாங்கள் வேறு எங்கேயாவது போய் இருந்தால் நல்லதாம். அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. "நான் எழும்ப மாட்டன்" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே வீட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோம். ஓர் அறையில் வேலை நடக்க மற்ற அறைக்குக் கட்டில் போகும், பின்னால் அவள் தடியூன்றிப் போவாள், அவளுக்குப் பின்னால் மருந்துப் பையோடு நான். சோற்றில் சீமெந்து மணத்தது. சொந்த வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிற்று. யாராவது விலை கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விற்றிருப்பேன். அவளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் அறைக்கு வந்தார்கள். அடைசலை எடுத்ததும் வெளியே குறுகிய ஒழுங்கையும் எதிர்ப்பக்கத்துப் பனைகளும் தெரிந்தன. மேலே கொங்கிறீற் இறுகிவிட்டது. மேசன் கல் அடுக்கத் தொடங்கும்போது அவள் வந்து நின்றாள்.

"உந்த வாசலை அடைக்க வேண்டாம்."

"ஏன்?" என்றேன்.

"கதவு ஒண்டைப் போடுங்கோ. என்ரை காலோடை முன்வாசலுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும்."

"எங்கை போறதுக்கு? நீதானே இனி எழும்ப மாட்டன் எண்டனி?"

 அவள் கையிலிருந்த சீலையை மடிக்கத் தொடங்கினாள். மேசன் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தத் தென்மராட்சி யன்னல் நினைவுக்கு வந்தது. படம் கீறுகிறவருக்குத் தொலைபேசி எடுத்து, அந்த ஓர் இடத்தில் கதவென்று மாற்றிப் போடச் சொன்னேன்.

கதவை நிலையில் பொருத்திய அன்று அவள் கொண்டியை நீக்கித் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். பிறகு மருந்துப் பையை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கொழுவச் சொன்னாள். கொழுவினேன்.