இடக் கதவின் உட்புறம்

எங்கள் கட்டடத்தின் முதல் தளத்தில் குடியிருக்கும் அண்ணனுக்கு ஏலக்கூடத்தில் 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர். பிறருக்காக ஏலத்தில் பழம்பொருள் எடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். மருத்துவர் ஒருவருக்குச் சுவர்க்கடிகாரம், உணவு விடுதிக்காரருக்குப் பித்தளைத் தொங்குவிளக்கு, புதிதாகப் பணம் சேர்த்த ஒருவருக்குத் தம் பாட்டனார் என்று சொல்லிக்கொள்ளத் தோதாக மீசை வைத்த யாரோ ஒருவருடைய எண்ணெய் ஓவியம். எதை எடுத்தபோதும் அவர் கையை உயர்த்தியதில்லை. வாய் திறந்து விலை கேட்டதுமில்லை. விவரம் தெரியாதவர்கள் அவர் மின்விசிறிக்கு அடியில் தூங்குவதற்காகவே கூடத்துக்கு வருகிறார் என்று நினைத்தார்கள்.

அவர் அப்படி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் ஒரு பொருளைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் போதும், அதில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்து மற்ற வியாபாரிகள் விலையை ஏற்றிவிடுவார்கள். ஆகவே அவருக்கும் ஏலக்காரருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. தமக்கு வேண்டிய உருப்படி எது என்பதை முன்கூட்டியே ஏலக்காரரின் காதில் போட்டுவிடுவார். அந்த உருப்படி மேடைக்கு வரும்போது மூக்கின்மேல் கண்ணாடி இருக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் விலகிவிட்டார். இதில் ஒரு கண்டிப்பையும் அவரே வைத்திருந்தார். "கழட்டினதுக்கு அப்புறம் நான் திரும்ப மாட்டினாலும் என் பக்கம் பாக்காதீங்க. அது நான் இல்ல, என் ஆசை" என்று ஏலக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். பல ஆண்டுகளில் ஒருமுறைகூட இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

தமக்கென்று அவர் தேடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஏலத்துக்கு எந்த மர அலமாரி வந்தாலும் அதன் இடக் கதவைத் திறந்து உட்புறத்தைப் பார்ப்பார். கறையான் இருக்கிறதா என்று பார்ப்பதாகக் கேட்பவர்களிடம் சொல்லுவார். உண்மையில் அவர் பார்த்தது அவருடைய மனைவிக்காக.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று அழைப்பேன். அக்காவின் சிறு வயதில் அவர்கள் வீட்டில் இரட்டைக் கதவு வைத்த தேக்கு அலமாரி ஒன்று இருந்தது. பிள்ளைகளை இடக் கதவின் உட்புறம் சாய்த்து நிறுத்தி, அவர்களுடைய உயரத்தை அப்பா பென்சிலால் கோடு போட்டுக் குறிப்பார். அக்காவுக்கு ஒரு தம்பி. ஒரு நொடிகூட நிற்காத பிள்ளை. அவனுடைய உயரத்தை அப்பா குறித்தபோதும் அவன் நெளிய, கோடும் நெளிந்துவிட்டது. அடுத்த முறை குறிப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். புகைப்படம் எடுத்து வைக்கக்கூடத் தோன்றாத வயது. அப்பாவும் காலமானபின் வீட்டைக் காலி செய்தபோது, அலமாரி யாருடைய வண்டியிலோ ஏறிப் போயிற்று. அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் நின்றதற்கு இருந்த ஒரே அடையாளமும் அதனுடன் போய்விட்டது. அக்கா இதை அழுதுகொண்டு சொன்னதில்லை. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொல்லுவார். மணமான நாளிலிருந்து அண்ணன் அதைக் கேட்டுவந்திருக்கிறார்.

அப்படிப்பட்ட அலமாரி ஒருநாள் ஏலத்துக்கு வந்தே விட்டது. பொருள்களைப் பார்வையிடும் நாளில் அண்ணன் வழக்கம்போல இடக் கதவைத் திறக்கப் போனார். கீழே சுருட்டிச் சாய்த்திருந்த கம்பளங்கள் வழிமறித்ததால் கதவு ஒரு சாண் அளவே திறந்தது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். மேலே வரிசையாகச் சில கோடுகளும், அவற்றின் அருகில் அக்காவுடைய பெயரின் முதலெழுத்தும் தெரிந்தன. கீழ்ப்பகுதியைப் பார்க்க முடியவில்லை. கம்பளத்தை நகர்த்தச் சொன்னால் நாலு பேர் கவனிப்பார்களே என்று கதவை மூடிவிட்டு, பக்கத்திலிருந்த உடைந்த நாற்காலியை நெடுநேரம் ஆராய்வதுபோல் பாவனை செய்தார். அக்காவிடமும் மூச்சு விடவில்லை. கிடைக்காமல் போனால் அக்கா அதை இரண்டாம் முறை இழக்க நேருமே என்று அஞ்சினார்.

ஏல நாளில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அலமாரிக்குப் போட்டி போட்டவர் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் மட்டுமே. அவர் கேட்கக் கேட்க, ஏலக்காரர் கடைசி வரிசையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து விலையை ஏற்றினார். தையற்கடை அம்மாளுக்குச் சுருதி இறங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு படி ஏறியிருந்தால் விட்டுவிட்டிருப்பார். அந்த நேரத்தில், உள்ளே எத்தனை தட்டுகள் என்று யாரோ கேட்க, பணியாள் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார்.

சன்னல் வெளிச்சம் இடக் கதவின் மேல் நேராக விழுந்தது. மற்றக் கோடுகளுக்கெல்லாம் வெகு கீழே தனியாக ஒரு கோடு. நேராகத் தொடங்கி, நடுவில் துள்ளி, சரிந்து முடிந்திருந்தது.

அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே இருந்ததெல்லாம் கலங்கிப் போகவே, கோட்டை இன்னும் ஒருமுறை சரியாகப் பார்க்கவேண்டும் என்ற ஒரே நினைப்பில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். தாம் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தபோது ஏலக்காரர் இரண்டாம் தரத்தைத் தாண்டியிருந்தார். அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். ஏலக்காரர் சொன்ன சொல் தவறாதவர்; அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் ஒருநாளும் எழுந்திராத குரல் அன்றும் எழவில்லை. சுத்தியல் விழுந்தது.

பிறகு விவரம் தெரிந்தபோது ஏலக்காரர் பதறிப்போனாராம். விழுந்த சுத்தியலைத் திரும்ப எடுக்க முடியாது என்று அண்ணனே அவரைத் தேற்றிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முகத்தைப் பார்த்தார்.

"யாரோட பொருளுங்க கை நழுவிப் போச்சு?"

"உன்னோடது."

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார்.  அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கோடு நெளிஞ்சிருந்துச்சா?"

"நெளிஞ்சுதான் இருந்துச்சு."

அக்கா அவருடைய மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்து, தம் முந்தானையால் இருபுறமும் துடைத்து, மறுபடியும் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் இருவரும் தையற்கடைக்குப் போனார்கள். துணைக்கு என்னையும் அழைத்தார்கள். அலமாரி கடை நடுவே நின்றது. வெளிப்புறம் பாதிக்குமேல் வெள்ளை வண்ணம் பூசியாயிற்று. உப்புத்தாளைக் கையில் மடித்துவைத்துக்கொண்டு வண்ணம் பூசுகிறவர் குந்தியிருந்தார். தையற்கடை அம்மாள் கழுத்தில் அளவுநாடாவும் வாயில் குண்டூசியுமாக வந்து, என்ன தைக்கவேண்டும் என்று கேட்டார். அண்ணன் அலமாரியின் திறந்திருந்த இடக் கதவையே பார்த்தார்.

"உள்பக்கம் எல்லாம் எந்தப் பிள்ளையோ கிறுக்கி வெச்சிருக்கு. தேய்ச்சாதான் வண்ணம் பிடிக்குமாம்" என்று அம்மாளே விளக்கம் சொன்னார்.

அக்கா யாரையும் அனுமதி கேட்கவில்லை. நேரே போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரு குழந்தையின் தலை உச்சியில் கை வைப்பது போலத்தான் அந்தக் கை கவிந்திருந்தது.

"இது என் தம்பி" என்றார்.

தையற்கடை அம்மாள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் குத்தினார். பிறகு வண்ணக்காரரிடம், "அந்தத் தாளை உள்ள வைங்கண்ணே. உள்பக்கம் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்.

அண்ணன் உடனே அலமாரியை விலைக்குக் கேட்டார். எவ்வளவானாலும் தருவதாகச் சொன்னார். ஏலத்தில் ஒருபோதும் பேசாதவர் அன்று கெஞ்சும் நிலைக்கே வந்துவிட்டார். தையற்கடை அம்மாள் நல்லவர், ஆனால் தயங்கினார். நீளமான உடைகளைத் தொங்கவிட இந்த உயரத்தில் வேறொன்று கிடைக்காது என்றும், அவ்வளவு நாள் தேடி எடுத்தது என்றும், கொடுக்க மனம் வரவில்லை என்றும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். அண்ணன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தரையில் உட்கார்ந்தபடியே அக்கா அவரைத் தடுத்தார்.

"விடுங்க. நீங்க எடுத்திருந்தாலும் நம்ம படியில இது ஏறியிருக்காது. வாசல்லயே நின்னு முழிச்சிருப்போம்."

என் வீடு அவர்களுக்கு மேல் தளத்தில் இருக்கிறது. என் அறையில் நிற்கும் அலமாரி அதைவிட ஒரு கை அகலம் கூடுதல். அதே படி வழியாகத்தான் ஏறியது. ஏற்றியபோது முன்னால் நின்று "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று வழி சொன்னவர் அண்ணன். பின்னால் நின்று சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டவர் அக்கா.

அண்ணன் தம் மனைவியைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஆமா. ஏறாதுதான்" என்றார்.

நான் குறுக்கே பேசவில்லை. அக்கா எழுந்திருக்க அண்ணன் கை கொடுத்தார். வெறுங்கையுடன் திரும்ப மனமில்லாமல் அக்கா அங்கேயே ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். அது மிக நன்றாகவே தைத்து வந்தது. ஆயினும் தோள் இறுக்குகிறது என்று பிரிக்கக் கொடுத்தார். பிரித்தபின் தொளதொளவென்று இருப்பதாகச் சொல்லிப் பிடிக்கக் கொடுத்தார். இன்று கை நீளம் சரியில்லையாம். சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இருவரும் இப்போதுதான் படி இறங்கிப் போகிறார்கள்.