விளக்குக்குப் போட்ட கையெழுத்து

நான் பயந்த சுபாவம். அதை ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் மீனவக் குப்பத்தில் கடலைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் ஒரு வருஷத்தில் தெளிந்துவிட்டது. எனக்குத் தெளியவில்லை. பாத்திரம் கீழே விழுந்தால்கூட நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில், சுற்றிலும் போலீஸ் நிற்க, மைக்கைப் பிடித்துப் பேசினேன் என்றால் அது தைரியத்தால் இல்லை. இந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைப் பிடித்துத் தள்ளியது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கடலோரத்தில் எங்கள் ஊர். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், பால்வாடியில் வேலை. சுனாமி நிவாரணம் கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் கையெழுத்து தேவைப்பட்டது. அரிசிக்கு ஒரு தாள், பாய்க்கு ஒரு தாள், அடுப்புக்கு ஒரு தாள். பெயர்களை எழுதுவது நான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி வைப்பதும் நான்தான். தாளின் மேல்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும்; ஆபீசில் டைப் அடித்துக்கொள்கிறோம் என்பார்கள். எதற்கென்று யாரும் கேட்டதில்லை. "எங்க வைக்கணும், காட்டு" என்பார்கள், நான் காட்டுவேன். கையெழுத்து என்றால் எதையோ வாங்குவது என்றே ஊர் பழகிவிட்டது. கொடுப்பதற்கும் கையெழுத்துதான் என்பது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து மின்வெட்டுக் காலம் வந்தது. எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஐஸ் கம்பெனிக்காரர்கள் டீசல் எஞ்சின் ஓட்டி ஐஸ் விலையை ஏற்றினார்கள். பிடித்த மீன் கரையிலேயே நாறியது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடற்கரையில் நிலக்கரி மின் நிலையம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நிலக்கரிக் கப்பல் வந்து நிற்கக் கடலுக்குள் பாலம் போடுவார்களாம், வெந்நீரைக் கடலில் விடுவார்களாம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன் போய்விடும் என்று ஒரு நாள் சொல்வார், கரண்டு இல்லாமல் மட்டும் என்ன வாழ்கிறோம் என்று மறுநாள் சொல்வார். ஊரே அப்படித்தான் இருந்தது.

ஒரு காலையில் அந்த மின் நிலையக் கம்பெனியிலிருந்து வேன் நிறைய விளக்குகள் வந்தன. சின்ன கண்ணாடித் தகட்டை வெயிலில் வைத்தால் ராத்திரி எரியும் சோலார் விளக்கு. கொண்டுவந்த தம்பி நன்றாகப் பேசினான். இனிமேல் சூரியன்தான்க்கா எல்லாம் என்றான். நிலக்கரி எரிக்க வருகிறவன் சூரிய விளக்கு கொடுக்கிறானே என்று எங்களில் ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் வரவில்லை, படித்த முட்டாள். அன்று மதியம் வரை மூன்று தெருவின் பெயர்களையும் என் கையால் எழுதி, விரல்களைப் பிடித்து வைத்தேன். மேல்பக்கம் காலியாகத்தான் இருந்தது.

பிறகு மின் நிலையத்துக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கூட்டத்தில் என்ன பேசுவது என்று கேட்டு வர, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் துணைக்கு என் கணவரையும் ஊர்ப் பஞ்சாயத்தார் சிதம்பரத்தில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார்கள். கீழ வீதியில் மாடியறை. மேசை மேல் செங்கல் கனத்துக்குத் திட்ட அறிக்கை. சூரியனும் காற்றும் விலை அதிகம், நம்ப முடியாது, அதனால் நிலக்கரி என்று ஒரே பக்கத்தில் முடித்துவிட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். அந்த விலைக் கணக்கில் உங்கள் கடல் எங்கேயும் இல்லை என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு. உங்க ஊரே சம்மதம்னு எழுதிக் குடுத்துருக்கே" என்று கடைசிப் பக்கங்களைத் திருப்பினார்.

என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? வரிசையாக என் எழுத்தில் மூன்று தெருவின் பெயர்கள். மேலே, காலியாக இருந்த இடத்தில், திட்டத்துக்கு முழுமனதோடு சம்மதிக்கிறோம் என்று டைப் அடித்திருந்தது. என் கணவர் எட்டிப் பார்ப்பதற்குள் பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டேன். வக்கீல் பார்த்துவிட்டார். என் கணவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். சொன்னேன்.

எழுதியவளே எழுந்து சொன்னால்தான் அந்தச் சம்மதம் உடையும் என்றார் அவர். இல்லாவிட்டால் அதுவே நிற்குமாம். இன்னொன்றும் சொன்னார். "கூட்டம் முடியிறப்போ, என்னென்ன பதிஞ்சாங்கன்னு தமிழ்ல படிச்சிக் காட்டணும். சட்டம் அது. அதக் கேக்காம எழுந்து வராதீங்கம்மா."

பஸ்ஸில் ஊர் வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்னால் ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஊரை விற்றவள் என்று பஞ்சாயத்தில் முடிவானால் ஊர்க்கட்டு. படகில் ஏற்ற மாட்டார்கள், தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். என் கண்முன்னால் ஒரு குடும்பம் அப்படிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறது. சொல்லாவிட்டாலோ, நான் எழுதிய சம்மதத்தின் மேல் கட்டடம் எழும்பும். விளக்கைப் பார்க்கவே பயமாக இருந்தது. துணியைப் போட்டு மூடி வைத்தேன்.

கூட்டத்தன்று விடிந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். வலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

"நீ சொல்லலன்னா அந்தத் தாளு சொல்லும். பொடவ மாத்திக்கினு வா, போலாம்" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கம் அரிசி மில் வைத்திருந்தவர் ஒருவர் எழுந்து, கரண்டு இல்லாமல் மில்லை மூடி ஆட்களை அனுப்பிவிட்டேன், எந்தக் கரண்டாக இருந்தாலும் வரட்டும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் பயமுறுத்தியது. என் முறை வந்தபோது மைக் என் பல்லில் இடித்தது. விளக்கு வாங்கத்தான் கையெழுத்துப் போட்டோம், மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பெயர்களை எழுதியது நான்தான் என்று சொன்னேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

கடைசியில் பதிவு செய்ததைப் படித்தார்கள். கரண்டு வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள், வேலை கேட்டவர்கள். நடுவில் ஒரு வரி: "சோலார் விளக்குகள் பெற்றுக்கொண்டதை ஒரு பெண்மணி தெரிவித்தார்."

அவ்வளவுதான் நான். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போகத் தொடங்கியிருந்தார்கள்.

"நான் சொன்னது அது இல்லிங்க" என்றேன். மைக் இல்லாமலே சொல்லியிருக்கிறேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "எங்கள ஏமாத்தி வாங்குன கையெழுத்துன்னு எழுதுங்க. நாங்க சம்மதிக்கலன்னு எழுதுங்க."

அதிகாரி களைத்துப்போயிருந்தார். மனுவாகக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்றார். நான் நகரவில்லை, கால்கள் நகரவில்லை என்பதுதான் நிஜம். பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. என்னை இழுத்துப்போகத்தான் வருகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எங்கள் தெருப் பெண்கள் என் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். ஒருத்தி பெருவிரலை அதிகாரியிடம் நீட்டிக்காட்டி, "இது என்னுது. வெளக்குக்கு வெச்சது" என்றாள்.

எழுதினார்கள். எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனாவை வாங்கினேன். பழக்கதோஷம், கை நேராகத் தாளின் அடிப்பக்கம் போனது. அப்போது பெருவிரல் நீட்டியவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல மேல என்னா இருக்குதுன்னு படி" என்றாள். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

மண்டபம் காத்திருந்தது. முதல் எழுத்திலிருந்து படித்தேன்.