கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

எங்கள் வீட்டில் மருந்துப் பைகளின் மேல் எழுதியிருப்பதை வாசிப்பவன் நான்தான். குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள். அதனால் மனைவி கர்ப்பமாக இருந்தபோது, அவளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. அதை விழுங்கினால் அவளுக்குக் குமட்டும். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் புறப்படுமுன், இஞ்சி தட்டிப்போட்டுச் சாயம் கூடிய தேநீர் ஊற்றி, அதனோடு குளிசையைக் கொடுத்தேன். குமட்டல் நின்றுவிட்டது.

"அவன் படிச்சவன், தெரியாமலோ செய்வான்?" என்றார் அம்மா. எனக்கும் பெருமைதான்.

ஏழாம் மாதம் பாலையூற்றுக் கிளினிக்கில் மருத்துவிச்சி அக்கா நாடாவால் வயிற்றை அளந்து அட்டையில் புள்ளி வைத்தார். அது, பிள்ளையின் வளர்ச்சிக்கென்று அச்சடித்திருந்த வளைகோட்டுக்குக் கீழே விழுந்தது. போன மாதப் புள்ளியிலிருந்து ஏறவேயில்லை.

"நான் கட்டைதானே அக்கா, பிள்ளையும் என்னைப் போல இருக்கும்" என்றாள் மனைவி.

"சின்னப் பிள்ளை எண்டால் பரவாயில்லை. சின்னதாவே ஏறிக்கொண்டு வரும். இது ஏறாமல் நிக்குது, பிள்ளை. உமக்கு இரத்தமும் குறைவு. குளிசை போடுறனீரோ?"

"ஒருநாளும் விட்டதில்லை. தேத்தண்ணியோட போடுறனான்."

அக்கா பேனையைக் கீழே வைத்தார். "ஆர் அப்பிடிச் சொன்னது?"

"எனக்குத்தான் தேத்தண்ணியில விருப்பம்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"இல்லையக்கா. நான்தான் குடுத்தனான்" என்றேன்.

"தேத்தண்ணி இரும்பை உடம்பில சேர விடாது, தம்பி. பையின்ர பின்பக்கத்தில எழுதியிருக்கே, வாசிக்கேல்லையோ?"

முன்பக்கத்தை மட்டும்தான் வாசித்திருந்தேன்.

அக்கா அனுப்பிய பெரியாஸ்பத்திரியில் ஸ்கான் செய்த டொக்டர், தொப்புள்கொடியில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்றார். தேநீர்தான் காரணமா என்று கேட்டேன். "ஒண்டை மட்டும் பிடிச்சுச் சொல்ல ஏலாது. தாயின்ர இரத்தம், சாப்பாடு, ஓய்வு, எல்லாம் சேர்ந்துதான். இரண்டு கிழமையால வாங்கோ."

அந்த இரண்டு வாரமும் தேநீரை விட்டு, குளிசையைப் புளிக்கும் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுத்தேன். குமட்டல் திரும்பி வந்தது. அவள் வாந்தியெடுக்க, நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் வாயைத் துடைத்துவிட்டு, "என்ன தேத்தண்ணிக்காரர், இண்டைக்கும் கடை பூட்டோ?" என்பாள். வீட்டு வேலையை அம்மா பறித்துக்கொண்டார். மத்தியானத்தில் அவளைப் படுக்கவைத்து, தட்டில் மீனையும் கீரையையும் கூட்டினார்.

அடுத்த புள்ளி அந்த வளைகோட்டுக்குக் கீழேதான் விழுந்தது. ஆனால் முந்தியதைவிட ஏறியிருந்தது. அதற்கடுத்ததும் ஏறியது.

மகள் தாயைப் போலச் சின்ன உருவமாக, பெரிய குரலோடு பிறந்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் அவளுக்கென்று ஒரு புது அட்டை தந்தார்கள். அதிலும் கோடுகள்.

"பின்பக்கத்தையும் வாசியுங்கோ, தேத்தண்ணிக்காரர்" என்றாள் மனைவி, கண்களைத் திறக்காமலே.

பிள்ளையை ஒரு கையில் ஏந்தியபடி, நான் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.